கற்பிட்டிக் கரையில் பதினைந்து நிமிட வெயில்

ஆறு டியூப் வெள்ளைச் சாயத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் இலங்கைக்குப் போன காரியம் அவ்வளவுதான். சாயம் கொடுக்கக் கடல் தாண்டிப் போகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் என் மனைவி.

சாயம் கேட்டவன் சவரிமுத்து. தூத்துக்குடியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பிறகு நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்தேன், அவன் படம் வரையப் போனான். பழைய கடற்காட்சிகள்தான் அவனுக்குப் பிழைப்பு: முத்துக்குளிக்கப் போன தோணிகள், பாய் கிழிந்து கரை ஒதுங்கிய கப்பல்கள், சரக்கு இறக்கும் துறைகள். அதில் அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தக் காலத்துக் காட்சியாக இருந்தாலும் அது நடந்த இடத்துக்கே போய், நடந்த மாதத்தில், நடந்த நேரத்துக்கு உட்கார்ந்துதான் வரைவான். "கப்பலும் போயாச்சு, ஆளும் போயாச்சு. அந்த வெயில் மட்டும் வருசா வருசம் வருதுல்லா முருகேசு" என்பான். அந்த வெயிலுக்காக அவன் செலவழித்த காசில் ஒரு வீடு கட்டியிருக்கலாம்.

இந்த முறை அவன் எடுத்திருந்தது அத்தனை பழைய காட்சி இல்லை. தொண்ணூறாம் ஆண்டு அக்டோபரில் மன்னார்ப் பக்கத்து முஸ்லிம்களை, ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சொன்னவர்களும் தமிழ் பேசியவர்கள், கேட்டவர்களும் தமிழ் பேசியவர்கள். கைக்குக் கிடைத்ததோடு படகேறி, ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து, கற்பிட்டியில் வந்து இறங்கினவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒரு குடும்பம் இப்போது புத்தளத்தை ஒட்டிய தில்லையடியில் ஒரு வாசிகசாலை கட்டியிருந்தது. அதன் சுவரில் மாட்ட அந்தப் படகு வேண்டும் என்று சவரியை அழைத்திருந்தார்கள்.

அந்த வருஷத்தில் ராமேசுவரத்துக்கு வந்த அகதிகளுக்காகத் தூத்துக்குடியில் அரிசி திரட்டினோம், உண்டியல் குலுக்கினோம். தெற்கே போன இந்தப் படகுகளைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கற்பிட்டிக்குப் போன பேருந்தில் ஒரு அம்மாள் கருவாட்டு மூட்டையை என் பையின் மேல் வைத்து, அதன் மேல் தானும் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுந்ததும் நடத்துநரைச் சிங்களத்தில் திட்டினாள், என்னைத் தமிழில் சமாதானப்படுத்தினாள், ஒரு பணிஸ் கொடுத்தாள். நம்மூர் பன்தான், மேலே சீனி தூவியிருக்கிறது. பணிஸ் நன்றாக இருந்தது. இறங்கிப் பார்த்தால் இரண்டு டியூப் வெடித்துப் பை முழுவதும் வெள்ளை, அங்கிருந்து என் வேட்டி முழுவதும் வெள்ளை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மழை வேறு. சின்ன மழை, ஆனால் விடுகிற மழை இல்லை. கடைவீதியில் மனிதர்கள் கலைந்துவிட்டார்கள், கழுதைகள் மட்டும் நின்றன. இந்தப் பக்கம் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. மூடின கடைகளின் கூரை விளிம்பில் வரிசையாக நனைந்துகொண்டு, யாரோ நிற்கச் சொல்லிவிட்டுப் போனதைப்போல நின்றன.

சவரி களப்புக் கரையில் (காயலை அங்கே களப்பு என்கிறார்கள்), வலை அடுக்கி வைக்கும் கொட்டகைக்கு மேலே ஒரு அறையில் இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மிச்சம் நாலு டியூப் என்றதும் என்னைப் பார்த்த பார்வையில், நான் வந்ததில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. "ஒரு துணி இருக்குலே படத்துல. அதுக்கு வேணும்" என்றான். என்ன துணி என்று கேட்டேன். இன்னும் தெரியாது, எங்காவது ஒரு வெள்ளை இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் படம் குருடாகிவிடும் என்றான்.

படம் ஏழடி நீளம். நடுவில் படகு, அதில் நெருக்கியடித்து மனிதர்கள். எல்லாம் கறுப்பு. கிட்டப் போனால் கறுப்பு இல்லை, அடர்ந்த நீலத்தையும் மண்நிறத்தையும் குழைத்து எழுப்பிய இருட்டு. அவன் கறுப்பு டியூப் வாங்குவதே கிடையாது. தலைகளின் விளிம்பில் மட்டும் ஒரு நூல் கனத்துக்குப் பொன்வெயில்.

ஏன் இப்படி என்பதை ஜன்னலைத் திறந்து காட்டினான். எங்கள் தூத்துக்குடியில் சூரியன் கடலில் உதிக்கும். கற்பிட்டியில் கடல் மேற்கே, அங்கே சூரியன் மறையும். ஆனால் கிழக்கே களப்பு. படகுகள் வந்து இறங்கியது களப்புக் கரையில், விடிந்தும் விடியாத நேரத்தில். கரையில் நின்றவர்களுக்குப் படகின் பின்னால் சூரியன். அப்படி நின்றால் ஒருத்தர் முகமும் தெரியாது, உருவம்தான் தெரியும். சூரியன் எட்டிப் பார்த்ததிலிருந்து வெளிச்சம் வெளுத்துப்போகும் வரை பதினைந்து நிமிடம். அதற்காகத் தினமும் ஒரு பழைய படகை வாடகைக்கு நிறுத்தி, நாலு பேரை உட்கார வைத்து, பதினைந்து நிமிடம் வரைந்துவிட்டு அன்றைய வேலையை முடித்துவிடுவான். ஆறு நாளாக மழை. ஆறு நாளாகச் சும்மா இருந்தான்.

"இதுல ஒரு சிக்கல்" என்றான். வாசிகசாலை கட்டிய ஹனீபா கருவாட்டு வியாபாரி. அந்தக் கூடத்தில் நேரம் வந்தால் தொழுகையும் நடக்கும், அதனால் முகங்கள் வரையக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சவரிக்கு அது வசதிதான், வெயிலே முகங்களை மறைத்துவிடுகிறது. ஆனால் அவருடைய தங்கை ரஹீமா டீச்சர் தனியாக வந்து ஒரு முகம் கேட்டிருந்தாள். அவர்களுடைய கடைசித் தம்பி நிசார். ஐந்து வயது. காய்ச்சலோடு ஏற்றப்பட்டவன் அந்தப் படகிலேயே இறந்துபோனான். அவன் முகம் ஒரு மூலையிலாவது இருக்க வேண்டும் என்று கேட்டாள். ஒரு போட்டோகூட இல்லையாம்.

எனக்கு அது ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கடைக்கு வருகிற பாதிப் பேர் செத்தவர்களின் படத்தோடு வருகிறவர்கள். ரேஷன் அட்டையிலிருந்து கிழித்தது, கல்யாணக் கூட்டத்தில் பின்வரிசையில் பாதித் தலை, எதையாவது கொண்டுவந்து பெரிதாக்கிச் சட்டம் போட்டுக்கொண்டு போவார்கள். ஒன்றுமே இல்லாமல் வந்தவர்களை நான் பார்த்ததில்லை. அவர்கள் கடைக்கே வரமாட்டார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது.

மறுநாளும் மழை. தில்லையடிக்குச் சாப்பிட வரச் சொல்லி ஹனீபா ஆள் அனுப்பினார். பாதி வழியில் ஆட்டோ சக்கரம் தண்ணீரில் இறங்கி நின்றுவிட, நானும் சவரியும் தள்ளினோம். இரண்டு பக்கமும் உப்பளம். எங்கள் ஊரிலும் உப்பளம்தான், ஆனால் அங்கே வெள்ளையாக மலைமலையாக நிற்கும். இங்கே மழைக்குத் தென்னங்கிடுகு போட்டு உப்பை மூடியிருந்தார்கள். பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றது. ஒரு ஆள் மட்டும் குடையோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹனீபாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. பெரிய உடம்பு, பெரிய குரல், விருந்தாளி கை ஓய விடமாட்டார். சோறு, மாட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய், கடைசியில் வட்டிலப்பம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்து அவித்த அந்தப் பண்டத்தை மூன்று தரம் வைத்தார். எங்கள் ஊர் மக்ரூனைப் பற்றி நான் பெருமை பேசப் போய், வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் குரல் இறங்கியது. அந்தக் காலையில் அவர் படகில் இல்லை. கருவாட்டுக் கொள்முதலுக்காக இரண்டு வாரம் முன்பே கற்பிட்டிக்கு வந்திருந்தவர். செய்தி கேட்டு விடியற்காலையிலிருந்து கரையில் நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படகிலும் தலைகளை எண்ணினாராம். "ஒரு முகமும் தெரியல்ல. அப்ப தெரியாத முகம் இப்ப எதுக்கு?" என்றார். பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

அவர் போனபின் ரஹீமா டீச்சர் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய முகம். நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டு அலுமாரியில் இரண்டு ஆல்பம் இருந்ததாம். எடுத்து வர விடவில்லை.

சவரி தன் தொழில் யோசனையிலேயே இருந்தான். வெயில் முதுகில் அடித்தாலும், பக்கத்தில் ஏதாவது வெள்ளை இருந்தால் அது வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் போடும் என்றான். ஒரு பாய், ஒரு சேலை, எதுவானாலும் போதும். அப்படி ஒன்று தம்பியின் பக்கத்தில் இருந்திருந்தால், வெயிலுக்கும் பொய் சொல்லாமல் முகத்தையும் காட்டிவிடலாம். அண்ணனிடம் பேசுகிற பொறுப்பு தன்னுடையது என்றான். "வெள்ளையா ஏதாச்சும் இருந்துச்சா டீச்சர்?"

ஆமாம் என்பதற்கு அவள் ஓம் என்றாள். பிறகு மீதியைச் சொன்னாள்.

"உம்மாட தொழுற துணி. அதாலதான் தம்பிட முகத்த மூடியிருந்த."

சவரி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? நான் எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அவள்தான் நிறுத்தினாள்.

"உண்மையச் சொன்னா, அவன்ட முகம் எனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு அப்ப பதினொரு வயசு. ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாப் போய்ட்டு. நீங்க எந்தப் பிள்ளைட முகத்தப் படமாக் கீறித் தந்தாலும், அதுதான் நிசார் எண்டு நான் நம்பியிருப்பன்."

பிறகு, மறக்காத முகம் ஒன்று இருக்கிறது என்றாள். அது நானாவின் முகம். அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். படகில் இருந்தவர்களுக்கு முதுகுப் பக்கம் சூரியன், எதிரே கரை முழுக்க வெளிச்சம். கரையில் நின்றவர்களின் பல்கூடத் தெரிந்ததாம். நானா சிரித்துக்கொண்டு நின்றார். கையில் பணிஸ் பை. அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, நிசார், இறங்கி ஓடி வா என்று கத்தினார். உம்மாவின் மடியில் கிடந்ததைத் தூங்குகிற பிள்ளை என்று நினைத்திருக்கிறார். படகு கரை தட்டும் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ளுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்கு முந்தியே கற்பிட்டியில் பிள்ளையை அடக்கிவிட்டார்கள்.

"நான் கண்ட எண்டு நானாவுக்குத் தெரியா. அவர் ஒரு நாளும் அதக் கதைச்சதில்ல. நீங்களும் கதைக்காதீங்க" என்றாள். நாங்கள் தலையாட்டினோம்.

திரும்பி வருகிற வழியில் சவரி, உப்பளம் தாண்டியதும், "தப்பான பக்கத்துல உக்காந்துட்டேன்லே" என்றான்.

மூன்றாம் நாள் விடியற்காலை என்னையும் படகில் ஏற்றிவிட்டான். எனக்குத் தூத்துக்குடியில் பிறந்த பெருமை மட்டும்தான் உண்டு, கடல் வயிற்றுக்கு ஆகாது. இது கடல்கூட இல்லை, களப்பு. அதற்கே குமட்டியது. வடக்கிலிருந்து வருவதுபோல் வந்து கரைக்கு நூறடி தள்ளி நின்றோம். கீழ்வானத்தில் மேகம் அடைத்திருந்தது. இன்றும் கிடையாது என்று படகுக்காரர் சொல்லி முடிப்பதற்குள், மேகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, சூரியன் அதன் வழியாக வந்தது.

எனக்குப் பின்னால் வந்தது. எதிரே கரை பற்றிக்கொண்டதுபோல் ஆனது. வலைக் கொட்டகையின் தகரம், கழுதைகளின் ஈர முதுகு, தென்னையின் ஒவ்வொரு ஓலை, எல்லாம் துல்லியம். கரையில் ஒரு ஆள் வாளியோடு நின்றார். அவர் கொட்டாவி விட்டதும், தாடியில் நரை எந்தப் பக்கம் அதிகம் என்பதும் தெரிந்தது. நான் கையை ஆட்டினேன். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களைப் பார்த்தார், யார் என்று தெரியாமல் சும்மா சிரித்து வைத்தார். அவருக்கு நாங்கள் மூன்று கறுப்புப் பொம்மைகள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு பிள்ளையின் உடம்போடு படகில் உட்கார்ந்திருக்க எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். சவரி வரையவில்லை. பதினைந்து நிமிடமும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் வெளுத்தது, மறுபடி மேகம் மூடியது.

அன்றும் மறுநாளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தான். நான் கடையில் பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வாங்கிக் கொடுத்துவிட்டு, படகுத்துறையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். இரண்டாம் நாள் மாலை உள்ளே கூப்பிட்டான்.

படகு முன்புபோலவே இருட்டுத்தான். மாறினது இரண்டு இடம். படகின் நடுவில், ஒரு பெண்ணின் மடியில், வெள்ளைத் துணி. பின்னாலிருந்து வருகிற வெயில் அதில் ஊறி நின்றது. நான் கொண்டுவந்த நாலு டியூபும் அங்கேதான் போயிருந்தன. இன்னொன்று, படத்தின் முன்பக்கத்தில் புதிதாக ஒரு ஆள். கரையில் நமக்கு முதுகைக் காட்டி, படகைப் பார்த்து நிற்கிறான். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறான், அதில் ஒரு பை. வெயில் முழுக்க அவன் முகத்தில்தான் விழுகிறது, காதோரத்திலும் கன்னத்து விளிம்பிலும் அது தெரிகிறது. ஆனால் முகம் நமக்கு இல்லை. படகில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

எனக்குக் கோபம் வந்தது. பேசமாட்டோம் என்று அந்தப் பெண்ணிடம் தலையாட்டிவிட்டு வந்தோமே என்றேன். "நான் எங்கே பேசுனேன்?" என்றான். இதென்ன நியாயம் என்று அவனோடு சண்டை போட்டேன். அவளிடம் முதலில் காட்டு, அவள் வேண்டாம் என்றால் அழித்துவிடு என்றேன். சரி என்று அவளுக்கு மட்டும் சொல்லி அனுப்பினான். ஆனால் மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு ஹனீபாவும் வந்துவிட்டார். மழைக்குள் டீச்சரைத் தனியாக அனுப்ப மனமில்லையாம். படியேறி வரும்போதே, சட்டத்துக்கு என்ன மரம் நல்லது, உப்புக்காற்று தாங்குமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

உள்ளே வந்ததும் படத்துக்கு நேரே போய் நின்றார்.

முதலில் படகைப் பார்த்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார். பிறகுதான் அந்த முதுகைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் வலது கையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். ரஹீமா சுவரோரமாக நின்று எங்களைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை அது, அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

ஹனீபா சவரியின் பக்கம் திரும்பினார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"அந்தக் கைய இறக்கிக் கீற ஏலுமா?"

சவரி தூரிகையை எடுத்தான். பலகையில் நீலத்தைக் குழைக்கத் தொடங்கினான். அப்போது ரஹீமா சுவரை விட்டு வந்தாள்.

"இறக்க வேணாம் நானா. ராத்திரி முழுக்க உம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. பேசவுமில்ல. அவவும் போய்ட்டா எண்டு நான் பயந்துட்டன். உங்கட கையக் கண்ட பிறகுதான் அழுதா."

ஹனீபா தங்கையைப் பார்க்கவில்லை. சவரி தூரிகையைத் திரும்ப டப்பாவில் போட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஜன்னலைச் சாத்தினேன். அறை இன்னும் இருண்டது. பகல் வெளிச்சம் என்று பெயருக்குத்தான் ஏதோ இருந்தது. ஆனாலும் அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தப் படகையே பார்த்தபடி நின்றார்.